எந்த நாடு என்ற கேள்வியைக் கடைசியில் வைத்தோம்

மதுரை கீழமாசி வீதியில் மிளகாய் வத்தல், மல்லி, பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறோம். அப்பா காலத்துக் கடை. அந்தக் கடையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய என் மகள், 2024 செப்டம்பரில் பிரிட்டனில் இருக்கும் பெல்ஃபாஸ்ட் போய் உணவுப் பாதுகாப்பில் முதுகலை படித்தாள். அவள் போனதிலிருந்து, பிள்ளையை வெளிநாடு அனுப்ப நினைக்கும் யாரும் என்னைப் பார்த்தால் ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, எந்த நாடு நல்லது?" கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள், மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டிருக்கிறார்கள். நின்ற இடத்தில் சொல்லி முடிகிற பதில் என்னிடம் இல்லை. அதனால் நாங்கள் என்ன செய்தோம், எங்கே தடுமாறினோம் என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன்.

முதலில் நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். 2023 கடைசியில் பாப்பா பி.டெக் உணவுத் தொழில்நுட்பம் கடைசி வருடம். மேலே படிக்க வேண்டும் என்றாள். எங்கள் குடும்பத்தில் யாரும் படிக்க என்று கடல் தாண்டியதில்லை. காளவாசல் பக்கம் ஒன்று, அண்ணா நகரில் ஒன்று, கே.கே. நகரில் ஒன்று என மூன்று கன்சல்டன்சிக்குப் போனோம். முதல் இடத்தில் கனடா என்றார்கள். இரண்டாவது இடத்தில் ஆஸ்திரேலியா. மூன்றாவது இடத்தில் லண்டன், அதுவும் இந்த வாரமே முன்பணம் கட்டினால் சலுகை என்றார்கள். மூன்று இடத்திலும் மதிப்பெண் கேட்டார்கள், ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதியாச்சா என்று கேட்டார்கள், வீடு சொந்தமா என்று கேட்டார்கள். என்ன படிக்க ஆசை, எதற்காக என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் கமிஷன் மண்டிக்காரன். மூன்றாவது ஆபீஸை விட்டு வெளியே வந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. நம்மிடம் அவர்கள் காசு வாங்கவில்லை என்றால், வேறு ஒருவர் கொடுக்கிறார் என்று அர்த்தம். பிள்ளை சேர்ந்தால் அந்தக் கல்லூரி இவர்களுக்குக் கமிஷன் தருகிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. நானும் விவசாயிக்கும் வியாபாரிக்கும் நடுவே நின்று கமிஷன் வாங்கித்தான் பிழைக்கிறேன். ஆனால் தரகரிடம் போகும்போது எந்தச் சரக்கு வேண்டும் என்பதை நாம் முடிவு செய்துவிட்டுப் போக வேண்டும். வெறுங்கையோடு போனால் அவரிடம் இருக்கிற சரக்கைத்தான் தலையில் கட்டுவார். விண்ணப்பம் போட, பேப்பர் சரிபார்க்க அவர்கள் உதவி எங்களுக்கும் பின்னால் தேவைப்பட்டது. நாட்டையும் படிப்பையும் தேர்ந்தெடுக்கும் வேலையை மட்டும் அவர்களிடம் விடவில்லை.

அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பாப்பாவிடம் கேட்டேன். "நாட்டை விடும்மா. நீ என்னத்தைத் தெரிஞ்சுக்கணும்னு போற?"

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த ராமநாதபுரம் மூட்டை ஞாபகம் இருக்காப்பா?" என்றாள்.

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவள் பிளஸ் டூ படித்தபோது நடந்தது. எங்களிடம் முண்டு வத்தல் எடுத்துப் போன ஒரு ஏற்றுமதிக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். பரிசோதனையில் பூஞ்சை நச்சு இருக்கிறதாம். மூட்டையைப் பிரித்தால் மேலே எல்லாம் கருஞ்சிவப்பாக மினுமினுப்பாக இருக்கிறது. உலுக்கினால் விதை சலசலவென்று சத்தம் போடுகிறது. கையை முழங்கை வரை விட்டு அடியிலிருந்து அள்ளினேன். நாலு வத்தல் சோடை, காம்படியில் லேசான சாம்பல் பூச்சு, மூக்கில் வைத்தால் மழையில் நனைந்த சாக்கு வாசம். மற்றபடி நல்ல வத்தல்தான். நாற்பது வருடம் கண்ணாலும் மூக்காலும் தரம் பார்த்த எனக்கு அந்த நச்சு கண்ணுக்குத் தெரியாது என்பதே அன்றுதான் தெரியும். அஃப்ளடாக்சின் என்று அதற்குப் பெயர். சரியாகக் காயாத வத்தலில் ஒரு வகைப் பூஞ்சை வளர்ந்து உண்டாக்குகிறது. கல்லீரலைக் கெடுக்கும். ஐரோப்பாவில் மிளகாய்க்கு மொத்த அளவு ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வரைதான் அனுமதி, அதில் பி1 என்ற வகை 5-ஐத் தாண்டக் கூடாது. பக்கத்தில் நின்று பார்த்த பாப்பா அன்று ஒன்றும் சொல்லவில்லை. நாலு வருடம் கழித்து, அதைத்தான் படிக்க வேண்டும் என்றாள்.

அந்த ஒரு பதிலில் எங்கள் தேடல் தலைகீழாக மாறியது. அதுவரை நாடு, அப்புறம் கல்லூரி, அப்புறம் கிடைக்கிற படிப்பு என்று போய்க்கொண்டிருந்தோம். இப்போது படிப்பு, அதை நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் துறை, அது இருக்கும் ஊர், கடைசியில் அந்த ஊர் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாடு. இதைச் செய்ய யாருடைய சிபாரிசும் தேவைப்படவில்லை. அவளே இரண்டு வாரம் உட்கார்ந்து தேடினாள்.

உணவு அறிவியலுக்கு என்று பார்த்தால் ஒவ்வொரு நாட்டிலும் ஒரு நல்ல பல்கலைக்கழகமாவது இருக்கிறது. அமெரிக்காவில் டேவிஸ், கார்னெல், பர்டியூ. கனடாவில் குவெல்ஃப். நியூசிலாந்தில் மாஸி. இங்கிலாந்தில் ரெடிங், லீட்ஸ், நாட்டிங்ஹாம். அயர்லாந்தில் கார்க். வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகம். இந்தக் கடைசிப் பெயரை அவள் கண்டுபிடித்த விதம்தான் எனக்குப் பிடித்தது. 2013-இல் ஐரோப்பாவில் மாட்டிறைச்சி என்று விற்ற உணவில் குதிரை இறைச்சி கலந்திருந்தது வெளியே வந்து பெரிய பரபரப்பு ஆனது. அதற்குப் பிறகு பிரிட்டன் அரசு உணவுக் கலப்படத்தைப் பற்றி அறிக்கை கேட்டது பேராசிரியர் கிறிஸ் எலியட் என்பவரிடம், அவர் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ்காரர். கல்லூரி வகுப்பில் படித்தது நினைவு வந்து, அவர் எந்த ஊர் என்று தேடப் போய் அந்தத் துறையைப் பார்த்திருக்கிறாள். பூஞ்சை நச்சில் அங்கே நிறைய ஆராய்ச்சி நடக்கிறது. பாடப்பிரிவுக்குப் பொறுப்பானவருக்கு மெயில் போட்டாள். இரண்டு நாளில் பதில் வந்தது, அவள் கேட்ட மூன்று கேள்விக்கும் தனித்தனியாக.

படிப்பு தெரிந்துவிட்டது. அடுத்தது பணம்.

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் கணக்கு தப்பாகப் போவதைப் பார்க்கிறேன். அங்கே வேலை கிடைத்தால் மாதம் எவ்வளவு, எத்தனை வருடத்தில் கடன் அடையும் என்று போடுகிறார்கள். நாங்கள் அதைப் போடவில்லை. என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். "படிச்சு முடிச்சிட்டு வேலை கிடைக்காம மதுரைக்கே வந்துட்டான்னா, நம்மளால கட்ட முடியுமா?" அதை வைத்துத்தான் எங்கள் உச்சவரம்பைக் குறித்தோம்.

10 சதவீத வட்டி, பத்து வருடம் என்று வைத்துக்கொண்டால் 25 லட்சம் கடனுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 33,000 ரூபாய். 55 லட்சம் என்றால் ஏறக்குறைய 72,700. பாப்பாவோடு படித்த பிள்ளைகளுக்கு இங்கே மசாலா, பால் கம்பெனிகளின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் கிடைத்த ஆரம்பச் சம்பளம் அந்த 33,000-ஐக்கூடத் தொடவில்லை. ஆனால் கடை வருமானத்தைச் சேர்த்தால் 33,000-ஐ இழுத்துப் பிடித்துக் கட்டிவிடலாம். 72,700 கட்டினால் ஒரே வருடத்தில் வீட்டை விற்க வேண்டி வரும். அமெரிக்காவில் முதுகலை பெரும்பாலும் இரண்டு வருடம். எங்களுக்கு அந்த 55 லட்சக் கணக்கு அங்கேதான் வந்தது. நல்ல படிப்புதான், மனசில்லாமல்தான் பட்டியலிலிருந்து அடித்தோம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் முதுகலை பெரும்பாலும் ஒரு வருடம். கட்டணம், தங்கல், விசா, டிக்கெட் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 38 லட்சம் பக்கம் வந்தது. 25 லட்சம் கடன், மீதி சேமிப்பும் கொஞ்சம் நகையும். நாடு எது என்பதை எங்களுக்காகப் பாதி முடிவு செய்தது இந்தத் தவணைக் கணக்குதான். உங்கள் வீட்டுக்கு வேறு எண் வரும். இரண்டு சம்பளம் வரும் வீட்டுக்கு அமெரிக்கா சரியாகவே இருக்கலாம்.

கனடாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. என் அண்ணன் மகனுக்கு நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். 2024 செப்டம்பருக்கு ஒரு கல்லூரியில் இடம் வாங்கி முன்பணமும் கட்டியிருந்தான். ஏற்பாடு செய்தது ஒரு ஏஜென்ட். வாழ்க்கைச் செலவுக்கு 10,000 கனடா டாலர் காட்டினால் போதும் என்பது பல வருட வழக்கம். 2024 ஜனவரி 1 முதல் அது 20,635 ஆனது. அண்ணன் எப்படியோ அதையும் புரட்டினார். அதே மாதம் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு அறிவித்தார்கள், மாகாணத்திடமிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். அதற்கும் மேலே ஒன்று. அரசுக் கல்லூரியின் பாடத்தைத் தனியார் கல்லூரி நடத்தும் கூட்டு ஏற்பாட்டில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் படிப்பு முடிந்தபின் வேலை அனுமதி கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். பையனுக்குக் கிடைத்த இடம் சரியாக அந்த வகைதான். சான்றிதழில் அரசுக் கல்லூரியின் பெயர், வகுப்பு நடப்பது வேறு இடத்தில். அவனுக்கு அதுவரை அது தெரியாது. முன்பணத்தைத் திரும்ப வாங்க எட்டு மாதம் ஆனது, அதிலும் ஒரு பகுதி வரவில்லை. அண்ணன் அந்த வருடம் சித்திரைத் திருவிழாவுக்குக்கூட வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

மூட்டையின் வாயைப் பார்த்து விலை பேசக் கூடாது என்று எனக்கு அப்பா சொல்லிக்கொடுத்தார். அதே மாதிரி எந்தக் கல்லூரியாக இருந்தாலும் அந்த நாட்டு அரசாங்கத்தின் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். காசு கிடையாது. கனடாவுக்கு அனுமதி பெற்ற கல்வி நிறுவனங்களின் பட்டியல், அதிலேயே படிப்புக்குப் பிறகு வேலை அனுமதி உண்டா என்பதும் இருக்கும். பிரிட்டனுக்கு மாணவர் ஸ்பான்சர் உரிமம் பெற்றவர்களின் பதிவேடு. ஆஸ்திரேலியாவுக்கு கிரிகோஸ் என்ற அரசுப் பதிவேடு. அமெரிக்காவுக்கு, மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவம் கொடுக்க உரிமை பெற்ற நிறுவனங்களின் பட்டியல். வகுப்பு நடக்கும் கட்டடத்தின் முகவரியையும் மேப்பில் பாருங்கள்.

விதிகள் மாறுவது கனடாவில் மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாக் கட்டணம் 710 டாலராக இருந்தது, 2024 ஜூலையில் 1,600 ஆனது, அடுத்த ஜூலையில் 2,000. விசா மறுத்தாலும் அந்தப் பணம் திரும்ப வராது. அமெரிக்காவில் 2025 செப்டம்பரில் எச்1பி என்ற வேலை விசாவின் புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள். எங்கள் தெருவில் ஒரு பையன் அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்தான். அங்கேயே இருந்து மாணவர் விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்ற விளக்கம் ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. அந்த ஒரு மாதமும் அவன் அம்மா தினமும் என் மனைவியிடம் வந்து உட்கார்ந்து அழுதார். பிரிட்டனில் முதுகலை முடித்தவர்களுக்கு இரண்டு வருடம் தங்கி வேலை தேடலாம் என்ற விதி 2021-இல் வந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். இப்போது அங்கே போகத் திட்டமிடும் பிள்ளைகள் 18 மாதம் என்றே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். போன வருடம் போனவர் சொன்னது என்று எதையும் நம்பாதீர்கள். விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசாங்கத்தின் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதுதான்.

கடைசியில் கையில் இரண்டு இடம் நின்றது. கார்க், பெல்ஃபாஸ்ட். இரண்டும் ஒரே தீவு. ஆனால் கார்க் அயர்லாந்துக் குடியரசு, யூரோ, அந்த நாட்டு விசா. பெல்ஃபாஸ்ட் பிரிட்டன், பவுண்டு, பிரிட்டிஷ் விசா. அன்றைய நிலையில் இரண்டிலும் முதுகலை முடித்தபின் இரண்டு வருடம் தங்கி வேலை பார்க்கலாம். இரண்டிலும் படிக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் பகுதி நேர வேலை செய்யலாம், அயர்லாந்தில் கோடை, கிறிஸ்துமஸ் விடுமுறையில் 40 மணி நேரம் வரை. செலவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டப்ளினாக இருந்திருந்தால் வாடகையே பயமுறுத்தியிருக்கும், கார்க் அவ்வளவு இல்லை. அயர்லாந்து பால் தொழிலில் பெரிய நாடு. கார்க் மாவட்டத்திலேயே மூர்பார்க் என்ற இடத்தில் அரசாங்கத்தின் உணவு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வெண்ணெய், பாலாடைக்கட்டி, பால் பவுடர் என்று போகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் சொல்ல மாட்டேன்.

பாப்பா இரண்டு பாடத்திட்டத்தையும் பிரிண்ட் எடுத்து, கடைக் கல்லாப்பெட்டி மேல் விரித்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டாள். தனக்கு வேண்டிய தாளில் மட்டும் கோடு. பெல்ஃபாஸ்ட் தாளில் மஞ்சள் அதிகம். அவ்வளவுதான், முடிவு செய்துவிட்டோம். என் மைத்துனர் மட்டும், "லண்டன்னு சொன்னா ஊருக்குத் தெரியும், பெல்ஃபாஸ்ட்டுன்னா யாருக்கு மச்சான் தெரியும்?" என்று வருத்தப்பட்டார்.

அங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த திண்டுக்கல் பக்கத்துப் பெண் ஒருத்தியோடு பாப்பா ஒரு மணி நேரம் பேசினாள். கல்லூரி வெளியிடும் படங்களில் இல்லாத விஷயங்கள் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்தன. வாடகை எவ்வளவு, பகுதி நேர வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆனது, ஆய்வுக்கட்டுரைக்கு ஆசிரியர் எவ்வளவு நேரம் கொடுக்கிறார், போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள். இதில் கடைசிக் கேள்வியைக் கண்டிப்பாகக் கேளுங்கள்.

விசா வேலையில் இரண்டு இடத்தில் மாட்டப் பார்த்தோம்.

ஒன்று, 28 நாள். பிரிட்டன் விசாவுக்குக் கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுப் பணத்தைக் கணக்கில் காட்ட வேண்டும். அப்போது லண்டனுக்கு வெளியே மாதம் 1,023 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 9,207 பவுண்டு. ரூபாயில் ஏறக்குறைய பத்து லட்சம். பிறகு அந்தத் தொகை ஏறிவிட்டது. அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள்கூட அந்த அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. விண்ணப்பிக்கும் நாளில் ரூபாய் மதிப்பு சரிந்தாலும் நம் தொகை குறைந்ததாகிவிடும் என்பதால் பத்தரை லட்சம் வைத்தோம். பத்தொன்பதாவது நாள் விருதுநகரிலிருந்து தரகர் போன். "அண்ணாச்சி, மல்லி ஒரு லோடு மலிவா வருது, மத்தியானத்துக்குள்ள பணம் போட்டா உங்களுக்கு." வியாபாரிக்குக் கை துறுதுறுக்கும். மூன்று நாளில் திருப்பி வைத்துவிடலாம் என்று மனசு சொன்னது. வீட்டுக்குப் போன் பண்ணி மனைவியிடம் பாஸ்புக் எங்கே என்று கேட்டேன். "சாமி ரூம்ல மீனாட்சி படத்துக்குப் பின்னாடி வெச்சிருக்கேன். பாப்பா விசா கைக்கு வர்ற வரைக்கும் எடுக்க மாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அன்று எடுத்திருந்தால் முதல் நாளிலிருந்து திரும்ப எண்ண வேண்டியிருந்திருக்கும், கல்லூரி தொடங்கும் தேதி தாண்டியிருக்கும். கடை வைத்திருப்பவர்கள் இதற்கென்று தனி சேமிப்புக் கணக்கு தொடங்கி, கடைக் கணக்கோடு கலக்காமல் வையுங்கள்.

கணக்கு அப்பா பெயரில் இருந்தால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் அப்பாவின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். அதில் என் பெயர் இனிஷியல் விரித்து ஒரு மாதிரி, வங்கியில் இனிஷியலோடு இன்னொரு மாதிரி. வங்கியில் மாற்றி வாங்க மூன்று வாரம். நம்மூரில் இனிஷியல் தகராறு இல்லாத குடும்பம் குறைவு. பாஸ்போர்ட், பத்தாவது மார்க்‌ஷீட், பிறப்புச் சான்று, வங்கிக் கணக்கு நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் பாருங்கள். வீட்டுப் பத்திரம் வைத்துக் கடன் வாங்கினால் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வக்கீல் அபிப்பிராயம், இன்ஜினியர் மதிப்பீடு என்று இரண்டு மாதம் ஓடிவிடும். இடம் கிடைத்த கடிதம் வந்த மறுநாளே வங்கிக்குப் போங்கள். பெண் பிள்ளைக்கு சில அரசு வங்கிகளில் வட்டியில் அரை சதவீதம் குறைப்பார்கள், கேட்டு வாங்க வேண்டும்.

அப்போது விசாக் கட்டணம் 490 பவுண்டு, மருத்துவ சேவைக்கு முன்கூட்டியே 1,164 பவுண்டு கட்டினோம். சென்னையில் காசநோய்ப் பரிசோதனை, அங்கேயே கைரேகை. பாண்டியனில் ராத்திரி ஏறி, இரண்டு வேலையையும் வேறு வேறு நாளில் முடித்து வந்தோம். காசநோய்ச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குச் செல்லும், அதனால் அதை முன்னாலேயே முடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவதாக மாட்டப் பார்த்தது டிக்கெட்டில். எங்களுக்கு டிக்கெட் போட்ட டிராவல்ஸ்காரர் டப்ளினுக்குப் போட்டுவிட்டார். அங்கிருந்து பெல்ஃபாஸ்ட்டுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம், விலையும் குறைவு என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. ராத்திரி பாப்பா டிக்கெட்டைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். "அப்பா, டப்ளின் வேற நாடு. என்கிட்ட இருக்கிறது பிரிட்டன் விசா." வழியில் எல்லைச் சாவடியே இல்லை என்பது உண்மைதான். ஆனால் டப்ளின் விமான நிலையத்தில் இறங்க இந்தியர்களுக்கு அயர்லாந்து விசா வேண்டும். சென்னையிலேயே ஏற விட்டிருக்க மாட்டார்கள். ரத்து செய்ததில் 19,000 ரூபாய் போனது. சென்னையிலிருந்து லண்டன், அங்கே குடியேற்றச் சோதனை முடித்து உள்நாட்டு விமானத்தில் பெல்ஃபாஸ்ட் என்று மாற்றினோம். அந்த ஊருக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

கிளம்பும் அன்று என் மதினி ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இரண்டு கிலோ கொண்டு வந்திருந்தார். பாலில் செய்த எதையும் அங்கே கொண்டு போகக் கூடாது, நெய்யும் கூடாது. மதினியின் முகம் வாடிவிட்டது. பெட்டியில் வத்தல் பொடி, மல்லிப் பொடி, புளி, அப்பளம் ஏறியது. வத்தல் பொடிக்கு நானே பொறுக்கி, காம்பு கிள்ளி, மூன்று நாள் மொட்டை மாடியில் காயப்போட்டு அரைத்தேன்.

போன பிறகு உள்ள வாழ்க்கை அவள் எழுத வேண்டியது. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பகுதி நேர வேலை கிடைக்க இரண்டரை மாதம் ஆனது. அந்த வருமானத்தை நம்பிப் போன பிள்ளைகள் நவம்பரில் வீட்டுக்குப் போன் போட்டு அழுதார்களாம். பகுதி நேர வருமானத்தைப் பட்ஜெட்டில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். மாணவர் விசாவில் சொந்தத் தொழில் கூடாது, அதனால் சாப்பாடு டெலிவரி செய்யும் ஆப் வேலையும் கூடாது. அடுத்தவர் கணக்கில் ஓட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், பிடிபட்டால் விசாவே போகும். தனியாரிடம் வீடு எடுக்க அங்கே ஜாமீன்தாரர் கேட்கிறார்கள், இல்லையென்றால் பல மாத வாடகை முன்பணம். பல்கலைக்கழக விடுதிக்கு முதல் நாளிலேயே விண்ணப்பித்ததால் அவள் தப்பித்தாள். டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். அந்த மாதம் அவள் குரல் மாறிப்போனது. அவள் அம்மா தினமும் வீடியோவில் வந்து, கோலம் போடுவதையும் தெருவில் பூக்காரி போவதையும் காட்டுவாள். பேச வேண்டியதுகூட இல்லை, காட்டினால் போதும்.

ஆய்வுக்கட்டுரை மசாலாப் பொருட்களில் பூஞ்சை நச்சு பற்றித்தான். 2025 செப்டம்பரில் முடித்தாள். அந்த வருடக் கடைசியில் இரண்டு வருட அனுமதி கிடைத்தது, இப்போது ஒரு உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அதற்குப் பிறகும் அங்கே இருக்க வேண்டுமானால் வேலை விசாவுக்கு மாற வேண்டும். அதற்குப் பொதுவான சம்பள வரம்பு 2025 ஜூலையிலிருந்து 41,700 பவுண்டு, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு 33,400. அவள் சம்பளம் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் திரும்பி வந்து மதுரையில் வத்தலுக்கும் மல்லிக்கும் ஒரு பரிசோதனைக் கூடம் வைக்கிறேன் என்கிறாள். கருவிகளின் விலையை இப்போதே விசாரித்து வைத்திருக்கிறாள்.

கடன் தவணை 2026 செப்டம்பரில் தொடங்குகிறது. முதல் தவணையைத் தானே அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். நானும் ஆறு மாதத் தவணைக்கான பணத்தை அந்தத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன். பாஸ்புக் இன்னும் மீனாட்சி படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது.